நடு ஆற்றில் மண்டபம்

பொறாமை எனக்குப் புதிதல்ல. அடுத்தவன் சைக்கிளில் டைனமோ விளக்கு எரிந்தாலே அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. ஆனாலும், இல்லாத ஊரில் இல்லாத ஆட்கள் நடமாடும் ஒரு விளையாட்டுக்காக முழுசாக ஒரு வருடம் வயிறெரிந்தேன் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் நான் கல்லூரியில் படித்த காலத்துக் கதை இது.

வடக்கே பொறியியல் படித்த என் அத்தை மகன் ஒரு லீவுக்கு வந்தபோது தடிமனான ஜெராக்ஸ் கட்டு ஒன்றை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். அதில் ஒரு விளையாட்டின் விதிகள் இருந்தன. ஒருவன் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷமாக அந்தக் கதைக்குள் நடக்க வேண்டும். 'முன்னால் ஒரு கதவு இருக்கிறது, என்ன செய்கிறாய்?' என்று நடத்துகிறவன் கேட்பான். 'உதைக்கிறேன்' என்பான் ஒருவன். உதைத்தால் திறக்குமா என்பதைப் பகடை சொல்லும். மற்றபடி பலகையும் கிடையாது, காயும் கிடையாது. எல்லாம் வாய்தான்.

புத்தகம் கேட்டது இருபது முகமுள்ள பகடை. திருநெல்வேலிக் கடைகளில் அதைக் கேட்டபோது எங்களை ஏற இறங்கப் பார்த்தார்கள். அதனால் இருபது புளியங்கொட்டைகளை மாடிப்படிச் சிமெண்டில் வெள்ளை தெரியும்வரை தேய்த்து, பேனாவால் ஒன்று முதல் இருபது வரை எழுதி, ஒரு சுருக்குப் பையில் போட்டோம். பார்க்காமல் கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். பெரிய எண் வந்தால் பிழைத்தோம். பதினெட்டாம் கொட்டையின் ஓரத்தில் ஒரு சின்ன உடைசல் இருப்பதை எங்களில் ஒருவன் கண்டுபிடித்து, மூன்று மாதம் அதையே எடுத்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கில்லாடி பேட்டையிலிருந்து சைக்கிளில் வருகிறவன். அவன் வேஷம் வாள்வீரன். இன்னொருவன் எங்கள் தெருவிலேயே இருந்த கோர்ட்டுக் குமாஸ்தாவின் மகன், வில்லாளி. மூன்றாவது ஆள் இரண்டாம் வருடத்தில் சேர்ந்தவன். ஆழ்வார்திருநகரியிலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் ஜங்ஷன் வந்து, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வருவான். சீசன் டிக்கெட் இருந்ததால் ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிடுவான். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஓடக்காரன் வேஷம் கேட்டு வாங்கிக்கொண்டு, பாயின் ஓரத்தில் அமைதியாக உட்கார்ந்திருப்பான். நாங்கள் அவனைத் திருநகரி என்றே கூப்பிட்டோம்.

நடத்துகிறவன் நான். ஜெராக்ஸ் என் வீட்டில் இருந்தது, மாடியறையும் என் வீட்டில் இருந்தது. வேறு யார் நடத்துவது? அவர்கள் மூவரும் பாயில் உட்காருவார்கள். நான் அப்பாவின் பழைய பிரம்பு நாற்காலியில் உட்காருவேன். அந்த ஜெராக்ஸ் கட்டை யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை. கேட்டால், 'பைண்டிங் விட்டுப்போகும்' என்பேன். என் நோட்டின் முதல் பக்கத்தில் நானே ஒரு விதியும் எழுதி வைத்திருந்தேன்: வாயில் வந்தது வந்ததுதான். 'குதிக்கிறேன்' என்று சொல்லிவிட்டால் குதித்தாயிற்று. சும்மா சொன்னேன் என்று பின்வாங்க முடியாது.

சண்டை, புதையல், பேய் பிசாசு எல்லாம் எனக்கு நன்றாக வந்தது. மாயத்தில்தான் மண்ணைக் கவ்வினேன். இல்லாததை இருப்பதாகக் காட்டும் மாயங்களுக்கென்றே புத்தகத்தில் ஒரு பகுதி இருந்தது. அதைப் படித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளத்தாக்கின் மேல் இல்லாத பாலம் ஒன்றைப் போட்டேன். பேட்டைக்காரனின் வீரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அதில் காலை வைத்தான். ஒரு வருடமாக வளர்த்த ஆள், போய்ச் சேர்ந்தான். பேட்டைக்காரன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

நான்காம் நாள் பேசினான். ஆனால் அதற்குப் பிறகு விளையாட்டுக்கு ஒரு நோய் வந்துவிட்டது. ஒருவன் 'நம்பலை' என்று சொல்லிக் கொட்டை எடுத்துப் பெரிய எண் வந்தால் மாயம் கலைந்துவிடும் என்பது புத்தகத்து விதி. ஆகவே எல்லாவற்றுக்கும் நம்பலை. சத்திரத்தை நம்பலை. சத்திரத்துக் கதவை நம்பலை.

"ஏலே, இந்த இட்லியையும் நம்பலை" என்பான் குமாஸ்தா மகன்.

"இட்லியில என்னலே மாயம்?"

"பாலத்துல என்ன மாயம்னு நாங்க கேட்டமா?"

ஒரு கதவைத் தாண்ட ஒரு மத்தியானம் போகும். போதாததற்கு, குமாஸ்தா மகன் என் பென்சிலை வேறு கவனித்து வைத்திருந்தான். நிஜப் பூதத்துக்கு அடி விழுந்தால் நோட்டில் காயத்தைக் கழித்து எழுதுவேன். மாயப் பூதத்துக்குச் சும்மா கிறுக்குவேன். எழுதும் சத்தமும் கிறுக்கும் சத்தமும் வேறு வேறாம். கோர்ட்டுக் குமாஸ்தா வீட்டில் வளர்ந்த காது. அவன் புருவத்தைத் தூக்கினால் போதும், பேட்டைக்காரனும் அவனும் கோரஸாக நம்பலை என்பார்கள். திருநகரி மட்டும் ஒரு நாளும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. நான் காட்டிய எல்லாவற்றுக்குள்ளும் ஓடத்தைக் கட்டிவிட்டு இறங்கிப் போவான். வெள்ளந்தி என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் வருடப் பரீட்சை முடிந்த கோடையில் எனக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்கள். மூன்று வாரம் யாரும் வரக்கூடாது, நானும் வெளியே போகக்கூடாது. தலைக்குத் தண்ணீர் விட்டு எழுந்து தெருவுக்கு வந்தபோது, பேட்டைக்காரனும் குமாஸ்தா மகனும் வேறு ஆட்களாக இருந்தார்கள்.

"நீ வந்திருக்கணும்லே" என்றான் பேட்டைக்காரன். "எனக்கு ஒண்ணு தெரியுது, இவனுக்கு வேற ஒண்ணு தெரியுது. ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டோம். கடைசில பாத்தா ரெண்டுமே இல்ல."

"யார் நடத்துனா?"

"திருநகரிதான். சும்மா பொழுது போகலன்னு."

புத்தகம் இல்லாமல். அந்தக் கட்டின் ஒரு பக்கத்தைக்கூட அவன் பார்த்ததில்லை. எனக்கு மறுபடியும் உடம்பெல்லாம் எரிந்தது. அம்மையின் மிச்சம் என்று நினைத்தேன். அம்மை போய்விட்டது, அது போகவில்லை.

அடுத்த ஞாயிறு, இன்னொரு தடவை அவனே நடத்தட்டும் என்றார்கள்.  நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினேன், ஒரு பெரிய மனுஷத் தோரணையில். அவன் வேண்டாமென்று தலையாட்டிவிட்டான்.

"எனக்கு இங்கனயே வசதி" என்று பாயிலேயே உட்கார்ந்தான்.

அதுதான் என்னை அதிகம் எரித்தது. என் இடத்தை எடுத்துக்கொண்டவன் என் நாற்காலியையாவது எடுத்துக்கொண்டிருக்கலாம். அது சும்மா கிடந்தது. இரண்டு வாரத்தில் அம்மா அதில் காய்ந்த துணிகளைப் போட ஆரம்பித்தாள்.

அவன் முறையைச் சொல்கிறேன். வீட்டில் கிழிக்கும் தினசரிக் காலண்டர் தாள்களைச் சேர்த்துக் கொண்டுவருவான். அவற்றின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு வரி சொல்லுவான்: "முன்னால ஒரு வாசல், ஒரு காவக்காரன்." பிறகு ஆளுக்கு ஒரு தாளைக் கொடுப்பான். அதில் இருப்பது அவரவருக்கு மட்டும். ஆட்டம் முடியும்வரை காட்டக்கூடாது. என் தாளில், காவல்காரன் கண்ணை மூடித் தூங்குகிறான் என்றிருக்கும். பேட்டைக்காரன் தாளில் அது ஆளே இல்லை, தூண். குமாஸ்தா மகனுக்கு உள்ளே யாரோ அழுகிற சத்தம் மட்டும். அவ்வளவுதான். அதன் பிறகு திருநகரி வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டிருப்பான். நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுவோம். நம்பலை என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நம்ப வேண்டியது நடத்துகிறவனை அல்ல, பக்கத்தில் இருக்கிறவனை. அவனிடம் கொட்டை எடுத்துக் காட்டி என்ன செய்வது?

இவ்வளவுதானா என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு வீட்டில் தனியாக உட்கார்ந்து, இந்த இவ்வளவு எனக்கு ஏன் இரண்டு வருடமாகத் தோன்றவில்லை என்று யோசித்தேன். அதற்கு அந்த ஜெராக்ஸ் கட்டில் பதில் இல்லை.

அம்மாவும் கட்சி மாறிவிட்டாள். காப்பி கொண்டுவரும்போது, "திருநகரிப் பையன் வரலியால இன்னைக்கு?" என்பாள். அவன் தம்ளரில் மட்டும் நுரை கூடுதலாக இருப்பது எனக்குத் தெரியும். நான் அளந்து பார்த்ததில்லை, ஆனால் தெரியும்.

கொடுமை என்னவென்றால், அவன் என்னைத்தான் பெரிய ஆளாக நினைத்தான். ஆட்டம் முடிந்ததும் பஸ் ஸ்டாப் வரைக்கும் நானும் அவனும் நடப்போம். "இன்னைக்கு எங்கனல தொய்ஞ்சுது?" என்று கேட்பான். நிஜமாகவே கேட்பான். நான் சொல்வதைத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொள்வான். ஒரு தடவை, அழுகைச் சத்தம் வரும் இடம்தான் தொய்வு என்றேன். அது பொய். அன்றைக்கு எனக்கு மயிர்க்கூச்செறிந்ததே அந்த இடத்தில்தான். அடுத்த வாரம் அவன் கதையில் சத்தம் எதுவும் வரவில்லை. நான் சொன்னதால் எடுத்துவிட்டான். எனக்கு ஒரு பக்கம் வெட்கமாக இருந்தது, இன்னொரு பக்கம் குளுகுளுவென்று இருந்தது. இரண்டில் எது பெரியது என்று கேட்டால், குளுகுளுப்புதான்.

மூன்றாம் வருடம் முழுக்க அவனே நடத்தினான். நான் வைத்தியன் வேஷத்தில் பாயில் உட்கார்ந்தேன். ஆற்றில் மூழ்கிப்போன ஒரு ஊரைத் தேடிப் போகிறோம் என்பது கதை. குமாஸ்தா மகனின் வில்லாளி முதல் வருடத்திலிருந்து வருகிறவன், குமாஸ்தா மகன் தன் நோட்டில் அவனுடைய படத்தைக்கூட வரைந்து வைத்திருந்தான். பேட்டைக்காரன் பாலத்தில் விழுந்த வீரனின் தம்பியாக இன்னொருவனைக் கொண்டுவந்து, பழையவனை விடப் பெரிதாக வளர்த்திருந்தான். பரீட்சை லீவு விடுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அந்த ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தோம். அதற்குப் பிறகு யார் எந்த ஊருக்கு வேலைக்குப் போவோமோ தெரியாது. கதை அன்றைக்கு முடிந்தாக வேண்டும்.

கரண்ட் போய், மாடியறை வெந்துகொண்டிருந்தது. திருநகரி சட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "ஆறு நிறைய வெள்ளம். நடு ஆத்துல மண்டபம். இங்கன இருந்து படி இறங்குது."

பிறகு தாள்களைக் கொடுத்தான். பேட்டைக்காரனுக்கும் குமாஸ்தா மகனுக்கும் கொடுத்தவை விளிம்புவரை நெருக்கி எழுதியவை. மை மறுபக்கம் ஊறித் தெரிந்தது. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தாள் வந்தது, முன்பக்கம் தேதி சிவப்பில். திருப்பிப் பார்த்தால் ஒரே வரி. 'உனக்கு மட்டும் அங்கே எதுவும் தெரியவில்லை. வெறும் தண்ணீர்.'

அந்த வரியை நான் எப்படிப் படித்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மற்ற இரண்டு பேருக்கும் பந்தி போட்டுவிட்டு எனக்கு வெறும் இலையை விரித்துவிட்டான் என்றுதான் படித்தேன். ஒரு வருடக் கதையின் கடைசி நாளில், விளக்கும் மண்டபமும் அவர்களுக்கு, தண்ணீர் எனக்கு. இந்த மாடி என்னுடையது, இந்தப் பாய் என்னுடையது, அந்தச் சுருக்குப் பை என் அம்மா தைத்தது. 

"உனக்குத் தெரியுதால, மண்டபம்?" என்று குமாஸ்தா மகன் என்னைக் கேட்டான். எப்போதும் இறங்குமுன் என்னைக் கேட்பான்.

"தெரியுதே" என்றேன். "விளக்கெல்லாம் எரியுது. படி நல்லா அகலமா இருக்கு."

திருநகரி கடலை உரிப்பதை நிறுத்தினான். என்னைப் பார்த்தான். "நல்லாப் பாத்துச் சொல்லுதியா?"

"பாத்துட்டுதான் சொல்லுதேன்."

வாயில் வந்தது வந்ததுதான். நான் எழுதின விதி. அவன் அதை மீறவில்லை. இறங்குகிறோம் என்றார்கள். நானும் இறங்கினேன். நான்காவதாகக் கால் வைத்த இடத்தில் படி இல்லை. சுழலில் ஆளுக்கு மூன்று கொட்டை எடுக்க வேண்டியிருந்தது. பேட்டைக்காரன் கையை உள்ளே விட்டு வெகு நேரம் துழாவினான். அந்த உடைசல் கொட்டையை நாங்கள் மாற்றி வெகு காலமாகியிருந்தது. வில்லாளி, வீரன், வைத்தியன், மூவரும் போனார்கள்.

 பேட்டைக்காரனுக்குக் கண் கலங்கியிருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். குமாஸ்தா மகன்தான் கேட்டான், கேட்க வேண்டியதை. "மூணு பேருக்கும் மாயத்தைக் காட்டிட்டு இறங்குன்னா எப்படில? ஒருத்தனுக்காவது நெசம் தெரிஞ்சிருக்கணும்லா? இது ஆட்டமா?"

இப்போது சொல்லிவிடுவான், என் தாளைப் பிடுங்கி அவர்கள் முன் போட்டுவிடுவான் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் வழக்கம்போல மூன்று தாள்களையும் வாங்கினான். என்னுடையதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"ஆமா. என் தப்புதான்" என்றான்.

அன்றைக்குப் பஸ் ஸ்டாப் வரை நடந்தபோது எங்கே தொய்ந்தது என்று அவன் கேட்கவில்லை. பஸ் வந்து, படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் திரும்பினான். "நீ ஒண்ணுமில்லன்னு சொன்னா அவனுவ ரெண்டு பேரும் கேப்பானுவ. நான் சொன்னாக்கூட கேக்க மாட்டானுவ. அதான் அத உன்கிட்ட குடுத்தேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு எங்கே தப்பியது என்று யோசிக்கிறவன் மாதிரி சொன்னான். பஸ் போய்விட்டது.

பரீட்சை முழுக்க அவன் சொன்னது என்னை அரித்தது. ஒரு வருடமாக அவன் கட்டிய கதையின் கடைசி வாசலுக்கு என்னைத்தான் காவல் வைத்திருக்கிறான். அதையும் என்னால் சந்தோஷமாக நினைக்க முடியவில்லை. எனக்கு அப்படி ஒரு முடிவு தோன்றாதே என்றுதான் திரும்பத் திரும்ப நினைத்தேன்.

பரீட்சை முடிந்து கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினோம். இனி நீயே நடத்து என்று இரண்டு பேரும் என்னிடம் வந்தார்கள். துணிகளை எடுத்துவிட்டு நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். திருநகரி பழையபடி பாயின் ஓரத்தில், ஓடக்காரன். ஒரு வருடம் ஏங்கிய இடம். பிரம்பு தொடையில் குத்தியது.

செய்ததைச் சரிக்கட்ட நான் ஒரு வழி வைத்திருந்தேன். அதே ஆறு, அதே மண்டபம். புதிய ஆட்கள் இருவரும் ஓடக்காரனும் அதே கரைக்கு வருகிறார்கள். எங்கள் வீட்டுக் காலண்டர் தாள் மூன்று எடுத்து, இரண்டு பேருக்கு விளக்கும் படியும் எழுதிக் கொடுத்தேன். திருநகரிக்கு, அவன் எனக்கு எழுதிய அதே வரி. அவன் சொல்லட்டும், அவர்கள் பிழைக்கட்டும், கணக்கு நேராகட்டும் என்பது என் எண்ணம்.

அவன் படித்தான். நிமிர்ந்து என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு உடனே சொன்னான்: "அங்கன ஒண்ணுமில்ல. வெறும் தண்ணி. இறங்காதீங்க."

பேட்டைக்காரன் சிரித்தான். "நம்பலை."

"உன் பேச்சக் கேட்டு இன்னொரு தடவ சாகணுமா?" என்றான் குமாஸ்தா மகன். "நாங்க இறங்குதோம்."

 அவர்கள் கொட்டை எடுப்பதற்காகத் திருநகரி பையை எடுத்து என்னிடம் நீட்டினான். அந்தப் பையை வாங்க எனக்குக் கை வரவில்லை.

"நில்லுங்கல" என்றேன். "அன்னைக்குப் பொய் சொன்னது நான். இவன் எனக்கு நெசத்தைத்தான் எழுதிக் குடுத்தான். மண்டபம் இல்லன்னு. நான்தான் தெரியுதுன்னு சொன்னேன்."

"ஏன்?"

"பொறாமை" என்றேன். அந்த வார்த்தையை வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை.

குமாஸ்தா மகன் என்னை உற்றுப் பார்த்தான். பென்சில் சத்தத்தில் பொய்யைக் கண்டுபிடித்தவன். பிறகு அவன் முகம் இளகியது. "நம்பலை" என்றான். "இவன் பாவம்னு நீ பழிய உன் தலையில போட்டுக்கிடுத. எங்களுக்குத் தெரியாதாக்கும்."

"சத்தியமாச் சொல்லுதேன். அந்தத் தாள் இவன்கிட்டதான் இருக்கு. கேளுங்க."

இரண்டு பேரும் திருநகரியைப் பார்த்தார்கள். அவன் மடியில் நோட்டு பாதி திறந்து கிடந்தது. பக்கங்களுக்கு நடுவே, நாலாக மடித்த தாளின் ஓரத்தில் சிவப்பு எண் தெரிந்தது. நாற்காலியிலிருந்து எனக்குத் தெரிந்தது. பாயில் இருந்த அவர்களுக்குத் தெரியவில்லை. அவன் அந்த நோட்டை மெல்ல மூடி, மேலே கையை வைத்துக்கொண்டான்.

"அது எங்கன போச்சோ" என்றான். "நீ நடத்துல."

பேட்டைக்காரன் எழுந்து வந்து என் தோளில் தட்டினான். "சரி, நீ இவ்வளவு சொல்லுத. இறங்கல. நீ சொன்னா கேக்க மாட்டமா" என்றான். அவர்கள் கரையிலேயே நின்றுகொண்டார்கள். மூன்று பேரும் பிழைத்தார்கள். அம்மா காப்பி கொண்டுவந்தபோது குமாஸ்தா மகன் அவளிடம், "உங்க பையனுக்கு ரொம்பப் பெரிய மனசு" என்று வேறு சொன்னான். அம்மா சந்தோஷப்பட்டாள்.

நான் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, மூடிய நோட்டின் மேல் இருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் கவிழ்க்க ஒரு தாள் போதும், அது அவன் கையின் கீழே இருந்தது. அவன் இன்னொரு கையால் கடலை உரித்துக்கொண்டிருந்தான். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தத் தாளைப் பிரித்துப் பாயில் போட்டிருப்பேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். அப்போதும் எனக்கு வந்தது நன்றி அல்ல, பொறாமைதான்.